கம்ப்யூட்டருக்குள்ளே கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்

பென்டிரைவ் மனிதர் என்று ஓர் இனம் உண்டு. கொசு, கரப்பான், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று எல்லாத் தெருவிலும் தவறாமல் காணப்படும் உயிர்களின் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பார்த்து, சிரித்து, "வாங்கோ, உட்காருங்கோ" என்று உபசரித்து, உங்கள் கம்ப்யூட்டரைக் கையில் தூக்கிக் கொடுத்தும் இருப்பீர்கள். பெயர் மட்டும் வைத்திருக்க மாட்டீர்கள். அந்தக் குறை இன்றோடு தீர்ந்தது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். சாவிக்கொத்தைப் பாருங்கள். உங்கள் கொத்திலும் என் கொத்திலும் என்ன இருக்கும்? வாசல் சாவி, பீரோ சாவி, எந்தப் பூட்டுக்கு என்று மறந்துபோய் எறியவும் மனம் வராத ஒரு சாவி. அவ்வளவுதான். இவர் கொத்தில் வீட்டுச் சாவி ஒன்று, பென்டிரைவ் ஏழு. மூடி உள்ளது, மூடி போனது, ரப்பர் பேண்டு சுற்றியது, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பிள்ளையார் வடிவத்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் குடியிருக்கிறது என்பார். நடக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்கும். விவரம் தெரிந்த வீடுகளில் அந்தச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள்.

சாதாரண மனிதன் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் என்ன செய்கிறான்? அணைத்துப் போடுகிறான். அதற்கும் மசியாவிட்டால் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுகிறான். கொஞ்சம் படித்தவன் பென்டிரைவைச் செருகி, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்புகிறான். அதற்குப் பூட் பண்ணுவது என்று பெயர். நம் ஆளுக்கு இதெல்லாம் பிள்ளை விளையாட்டு. அவர் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே பொய்யாக இன்னொரு கம்ப்யூட்டரை உண்டாக்குவார்; அதற்கு வர்ச்சுவல் மெஷின் என்று நாமகரணம் செய்வார்; அந்தப் பொய்க் கம்ப்யூட்டரைத் தன் பென்டிரைவிலிருந்து பூட் பண்ணுவார்; பூட் ஆனதும் கையைக் கட்டிக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். இதனால் என்ன பிரயோசனம் என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்காதீர்கள். உட்கார்ந்து சொல்வார்.

இவருக்கென்று சில சம்பிரதாயங்கள் உண்டு. வந்ததும் உட்காரமாட்டார். லேப்டாப்பைக் கவிழ்த்து அதன் வயிற்றைப் பார்ப்பார். "யார் இதுல கை வெச்சது?" என்பார். யார் கை வைத்திருந்தாலும் தப்பு; யாருமே வைக்காவிட்டால் அதைவிடத் தப்பு. பிறகு, "இத்தனை நாள் இதை எப்படி ஓட்டினேள்?" என்று பரிதாபப்படுவார். காப்பி கொடுத்தால் பக்கத்தில் வைக்கச் சொல்வார். அது ஆறி ஆடை கட்டி ஈ விழுகிறவரை குடிக்கமாட்டார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால் எப்போதும் ஒரே பதில்தான்: அஞ்சே நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தில் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஆண்டு நிறைவே வந்துவிட்டது.

இன்னொன்று. இவருடைய சொந்தக் கம்ப்யூட்டர் ஒருநாளும் ஓடாது. அது மூடி கழற்றிய நிலையில், திருகாணிகள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்க, குடல் வெளியே தெரிய மேஜைமேல் படுத்திருக்கும்.

பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசும் எங்கள் வலியசாலைத் தெருவுக்கு வாய்த்தவர் தாணுநாதன். வயது ஐம்பத்து மூன்று. ஓர் அலுவலகத்தில் உத்தியோகம். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அங்கே இவர் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று தனியாக ஒரு சர்க்குலரே இருப்பதாகக் கேள்வி. அதனால் அந்த ஆற்றல் மொத்தமும் வட்டியும் முதலுமாகத் தெருவுக்கு வந்து சேருகிறது. நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. தம்பானூரில் ரயிலேற்றிவிட வேண்டுமா, ஆஸ்பத்திரிக்குத் துணை வேண்டுமா, அர்த்தஜாமத்தில் கூப்பிட்டாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். பென்டிரைவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் தெய்வம்தான்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து அனுஷா ஓடிவந்தாள். லிங்கராஜின் மகள். லிங்கராஜ் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவில் ஒரு மொத்த அரிசிக் கடையில் முப்பது வருஷமாக மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறவர். அனுஷா சரக்குப் போக்குவரத்துப் படிப்பு முடித்து, விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டு, இரண்டு சுற்றுத் தேறிவிட்டாள். மூன்றாவது சுற்று அன்று மூன்று மணிக்கு. வீட்டிலிருந்தே லேப்டாப்பில் பேச வேண்டும். நடுவே திரையில் ஒரு பட்டியலைத் திறந்து, கண்டெய்னர்களை வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். அதனால் ஃபோனில் வரக்கூடாது. மூன்று ஐந்துக்குள் வராவிட்டால் இடம் அடுத்தவருக்கு என்று மெயிலில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வேலை கிடைத்தால் வீட்டிலிருந்து அரை மணி நேரப் பஸ். கிடைக்காவிட்டால் சென்னையில் யாரோ சொன்ன ஒரு ஹாஸ்டலும், யாரோ சொன்ன ஒரு வேலையும். மாடம்மாளுக்கு, அதாவது அவள் அம்மாவுக்கு, அந்தச் சென்னை என்ற வார்த்தையைக் கேட்டாலே கண் நிறைந்துவிடும்.

"அங்கிள், கேமராவில என் முகமே தெரியல. ஒரு மாதிரி மஞ்சளா, மேகம்போல இருக்கு. எந்து பண்றது?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்குத் தெரியாதம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருக்க வேண்டும். நாக்கில் சனி. "தாணுவைக் கூப்பிடேன்" என்றேன்.

கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. தன் பெயர் காதில் விழுந்த மாத்திரத்தில் இரண்டு வீடு தள்ளி ஜன்னல் திறந்தது. கலகலவென்று சத்தமும் கேட்டது.

நானும் பின்னாலேயே மாடிக்குப் போனேன். தாணு லேப்டாப்பைக் கவிழ்த்தார். வயிற்றைப் பார்த்தார். யார் கை வைத்தது என்று விசாரித்தார். பிறகு நிமிர்த்தி, திரையில் அந்த மஞ்சள் மேகத்தை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்து, தலையை ஆட்டினார்.

"சாரமில்லை, பயப்படாதே. சிஸ்டம் முழுக்க அழுக்கு. அதாக்கும் காரணம். இதுலேர்ந்து நீ இன்டர்வியூவுக்குப் போனா அவாளுக்கும் ஒட்டிக்கும், கேட்டோ. நான் உள்ளே ஒரு புது மெஷின் உண்டாக்கித் தரேன். சுத்தமான லினக்ஸ். என் டிரைவ்லேர்ந்து பூட் ஆகும். அதுல உட்கார்ந்து பேசு."

"அங்கிள், கேமரா மட்டும் தெரிஞ்சா மதி, அது போதும்..."

"அஞ்சே நிமிஷம்."

அப்போது மணி ஒன்றேகால். பிள்ளையார் பென்டிரைவை எடுத்துச் செருகினார். ஏதோ ஒரு மென்பொருளை இறக்க ஆரம்பித்தார். பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்தது. தாணு கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். அவர் பார்க்கிறாரே என்று நாங்களும் பார்த்தோம். மாடம்மாள் காப்பி கொண்டுவந்தாள். பக்கத்தில் வைக்கச் சொன்னார். குனிந்து காப்பியை வைத்த மாடம்மாள் நிமிரும்போது திரைக்கு மேல்விளிம்பைப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுல சந்தனம்லா அப்பியிருக்கு! சரஸ்வதி பூசைக்கு நாந்தான வச்சேன்."

விஷயம் இவ்வளவுதான். பூஜைவைப்பு அன்று புஸ்தகங்களோடு லேப்டாப்பையும் அடுக்கி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறாள். லேப்டாப்புக்கு நெற்றி எது? திரைக்கு மேலே நட்டநடுவில். கேமரா எங்கே இருக்கிறது? அதே இடத்தில். பக்தி சரியாகத்தான் இருந்தது, இடம்தான் இடித்தது. மாடம்மாள் முந்தானையை எச்சில் தொட்டுத் துடைத்தாள். திரையில் அனுஷாவின் முகம் பளிச்சென்று வந்தது. மூக்குத்தி வரைக்கும் தெரிந்தது.

"அம்மே! சரியாயிடுச்சு!" என்று அவள் கை தட்டினாள். மணி ஒன்று நாற்பது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கிளம்பலாம் என்று வேட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

இப்போது வேறு எந்த மனிதரும் என்ன செய்வார்? சிரிப்பார், காப்பியைக் குடிப்பார், "நன்னா பண்ணு குழந்தை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார். பென்டிரைவ் மனிதரை மற்ற மனிதரிலிருந்து பிரித்துக் காட்டும் இடம் இதுதான், நன்றாகக் கவனியுங்கள். பிரச்சினை தீர்ந்துபோனது அவருக்குப் பிடிக்கவில்லை. அதிலும் ஒரு முந்தானையால் தீர்ந்தது அறவே பிடிக்கவில்லை.

"இது டெம்பரரி" என்றார் தாணு.

"இல்ல அங்கிள், நல்லா தெரியுது. இது போதும், சத்தியமா."

"இப்போ தெரியறது. மூணு மணிக்குத் தெரியலேன்னா? இன்னொண்ணு, பாதியில நிறுத்தினா டேஞ்சர்."

பாதியில் நிறுத்தினால் ஆபத்து! இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் இந்த இனம் காலங்காலமாகப் பிழைத்து வருகிறது. எதைப் பாதியில் நிறுத்தினால், யாருக்கு, என்ன ஆபத்து என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. லிங்கராஜும் கேட்கவில்லை. வயதில் மூத்தவர், தெருவில் மதிப்புள்ளவர், கூப்பிடுமுன்பே வந்தவர், போதாக்குறைக்குக் காப்பி வேறு இன்னும் குடிக்காமல் இருக்கிறது. எப்படிப் போகச் சொல்வது? நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு அந்தப் பொய்க் கம்ப்யூட்டர் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஓர் அல்ப ஆசை. உங்களிடம் மறைப்பானேன்?

இரண்டேகாலுக்கு மென்பொருள் வந்து இறங்கியது. தாணு ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தார். அதில் வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரையாக ஓடின. பொய்க் கம்ப்யூட்டரிடம், எந்த டிஸ்க்கிலிருந்து நீ பூட் ஆக வேண்டும் என்று எண்ணைச் சொல்லித்தர வேண்டுமாம். எண்ணைத் தப்பாகச் சொன்னால் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கிலேயே கை வைத்துவிடுமாம். இதை அவரே ரொம்ப ரசித்து எங்களுக்கு விளக்கினார். விளக்கிவிட்டுச் சட்டைப்பையைத் தடவினார். படிக்கிற கண்ணாடி வீட்டில்.

"லிங்கராஜ், அந்த லிஸ்டைப் பாரும். மேலேர்ந்து எண்ணிண்டு வாரும். சின்ன டிஸ்க் எத்தனாவது இருக்கு?"

லிங்கராஜ் குனிந்து, மூட்டை எண்ணுகிற விரலை நீட்டினார். பட்டியலில் இரண்டே வரிதான். மேலே பெரியது, லேப்டாப்பின் சொந்த டிஸ்க். கீழே சின்னது, பிள்ளையார்.

"லாபம்... ரெண்டு. ரெண்டாவதா இருக்கு சார்."

அரிசிக் கடைக்குள் கால் வைத்தவர்களுக்கு இது தெரியும். அளக்கும்போதும் எண்ணும்போதும் முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள். மங்களமாக ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். லாபம், ரெண்டு, மூணு, நாலு. லிங்கராஜுக்கு முப்பது வருஷமாக ஒன்று என்ற வார்த்தையே நாக்கில் வராது. மகளுக்குச் சின்ன வயதில் எண்கள் சொல்லிக்கொடுத்தபோது, அவள் பள்ளிக்கூடத்தில் போய் லாபம், ரெண்டு என்று ஒப்பித்து டீச்சர் ஆள் விட்டதெல்லாம் தெருவுக்கே தெரிந்த கதை.

தாணு கண்ணை மூடிக்கொண்டார். மேதைகள் கணக்குப் போடுகிற தோரணை.

"ரெண்டு. செரி. ஆனா கம்ப்யூட்டர் பூஜ்யத்துலேர்ந்தாக்கும் எண்ணும். அப்போ ஒண்ணு கொறைக்கணும். ஒண்ணு. நீர் முதல்ல என்ன சொன்னீர்? லாபம். லாபம்ங்கறது நம்பரே இல்லையே! அதை எண்ணத்துல சேர்க்கப்படாது. அப்போ இன்னும் ஒண்ணு கொறைக்கணும். பூஜ்யம்."

"அங்கிள்," என்றாள் அனுஷா, "அதுக்கு நேரா ஒண்ணுன்னு ஸ்கிரீன்லயே எழுதியிருக்கே!"

"அது வெறுதே, சும்மா டிஸ்ப்ளேக்கு" என்றார் தாணு. பூஜ்யத்தை அடித்தார்.

சிவப்பு எழுத்தில் ஏதோ எச்சரிக்கை வந்தது. நிஜமாகவா, நிஜமாகவேயா என்று அந்த இயந்திரம் இரண்டு தடவை கேட்டது. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அன்றைக்குப் புத்தியோடு நடந்துகொண்டது அது ஒன்றுதான். தாணு இரண்டு தடவையும் ஆமாம் என்றார்.

திரைக்கு நடுவே ஒரு சின்னத் திரை திறந்தது. இருட்டு. பிறகு ஒரு வட்டம் சுற்றியது. பிறகு அதில் ஒரு படம் தெரிந்தது. சங்குமுகம் கடற்கரையில் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு சிரிக்கிற அனுஷா. கீழே, கடவுச்சொல்லைப் போடு என்று ஒரு கட்டம்.

"யாத்தீ! இதுக்குள்ள நம்ம லேப்டாப்பே இருக்கே!" என்று மாடம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். "எப்படி சார் பண்ணுனீங்க?"

தாணுவுக்கே தெரியவில்லை. அவர் எதிர்பார்த்தது சுத்தமான, பளபளப்பான லினக்ஸ். வந்து நிற்பதோ அதே லேப்டாப், அதன் வயிற்றுக்குள் அதுவே. ஓடிக்கொண்டிருக்கிற வண்டியின் சாவியைப் பிடுங்கி, அதே வண்டியை இன்னொரு தடவை கிளப்பியிருக்கிறார். உள்ளே இருக்கும் லேப்டாப்புக்கு, தான்தான் நிஜம் என்ற நினைப்பு. வெளியே இருக்கும் லேப்டாப்புக்கும் அதே நினைப்பு. டிஸ்க்கோ ஒன்றுதான். கொஞ்ச நேரம் இரண்டும் பாகப்பிரிவினைக்கு நிற்கிற அண்ணன் தம்பிகளாக இழுத்துப் பிடித்தன. அப்புறம் உள்ளே நின்றது. வெளியேயும் நின்றது. திரை முழுக்க நீலமானது. தானாக அணைந்தது, தானாக எழுந்தது, டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரிபார்க்கிறேன், அணைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டியது. பக்கத்தில் ஒரு சதவீதம் என்று போட்டிருந்தது.

மணி இரண்டு முப்பத்தெட்டு.

"பயப்படாதே, கேட்டியோ. இது நல்லதுக்குத்தான். உள்ளே இருந்த பிழையெல்லாம் இப்போ வெளியே வரது" என்று தாணு இன்னொரு பென்டிரைவைக் கழற்றினார். சிவப்பு.

அனுஷா எழுந்தாள். அந்தப் பெண் யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அங்கிள், கைய எடுங்க. ப்ளீஸ். கைய எடுங்க."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். ஒன்றரை வருஷமாகப் படித்ததும், பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் பண்ணியதும், அம்மாவிடம் சென்னைக்குப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்ததும் எல்லாம் அந்த அழுகையில் இருந்தன. மாடம்மாள் மகளைக் கட்டிக்கொண்டாள். லிங்கராஜ் தாணுவின் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"சார், முப்பது வருசமா மூட்ட எண்ணுதேன். ஒரு மூட்ட கூடக் கொறச்சலா போனதில்ல. லாபம்னா ஒண்ணு சார். ஒண்ணு!"

தாணு சிவப்புப் பென்டிரைவைத் திரும்பவும் கொத்தில் மாட்டினார். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூப்பிடச் சொன்னவன் நான்தானே? வெட்கமாக இருந்தது, ஐயா, ரொம்ப வெட்கமாக இருந்தது.

வேறு கம்ப்யூட்டர் வேண்டும். தெருவில் கம்ப்யூட்டருக்கா பஞ்சம்? பதினொன்று இருக்கின்றன. என்னுடையதைத் தரலாம் என்றால், போன மாதம் தாணு அதைச் சரிபண்ணியதிலிருந்து அவருடைய நீலப் பென்டிரைவ் இருந்தால்தான் எழுந்திருக்கும். அந்த நீலம் அலுவலக டிராயரில். கோடிவீட்டுக் கம்ப்யூட்டர் அவர் கைபட்டபின் செக்கோஸ்லோவாகிய பாஷையில் பேசுகிறது. அதற்கடுத்த வீட்டுக்காரர் சரிபார்க்கப்பட்ட கம்ப்யூட்டரை டிவி ஸ்டாண்டாக உபயோகிக்கிறார். மனசுக்குள் ஒவ்வொரு வாசலாகப் போய்ப் பார்த்தேன். பத்து வாசலிலும் தாணு வந்துபோன தடம். மிச்சம் ஒன்றே ஒன்று. சரஸ்வதியம்மாள் வீடு.

சரஸ்வதியம்மாள் எங்கள் தெருக்கோடியில் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தியவர். அவர் அதட்டலில் தெருக் காக்கை கூட நேராக உட்காரும். இன்ஸ்டிடியூட்டை மூடியபோது ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதில் கரண்டு பில் கட்டி, சீட்டு விளையாடி வருகிறார். ஒரு தடவை தாணு கலகலவென்று அங்கேயும் போனார். "டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணிட்டு வா. அப்பறம் என் கீபோர்டைத் தொடு" என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். தெருவில் எல்லோரும் அப்போது, பாவம் தாணு, மாமிக்கு இவ்வளவு கர்வம் ஆகாது என்று பேசிக்கொண்டோம்.

இரண்டு ஐம்பதுக்கு நாங்கள் ஐந்து பேரும் ஊர்வலமாக அந்த வாசலில் போய் நின்றோம். ஆமாம், ஐந்து பேர். தாணுவும் வந்தார். அழைக்காமலே வருவதும் இந்த இனத்தின் ஒரு லட்சணம், மேலே எழுத மறந்துவிட்டேன்.

மூச்சுவாங்க நான் விஷயத்தைச் சொன்னேன். சரஸ்வதியம்மாள் அனுஷாவின் முகத்தைப் பார்த்தார். தாணுவின் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"உள்ளே வாடி கொழந்தே. மூஞ்சி அலம்பிக்கோ. நீ மட்டும்" என்றார். பிறகு, "தாணு, நீ அங்கேயே நில்லு. படி தாண்டினா காலை ஒடிச்சுடுவேன்."

கதவு சாத்தப்பட்டது. நாங்கள் வெயிலில் நின்றோம். லிங்கராஜ் கையைப் பிசைந்தார். மாடம்மாள் கோயில் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம், ஒரு சின்ன மணியோசை, பிறகு, "குட் ஆஃப்டர்நூன் சார்" என்று அனுஷாவின் குரல். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. எனக்கு அப்பாடா என்று உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

தாணுவால் ஐந்து நிமிஷம்தான் பொறுக்க முடிந்தது. நிஜமான ஐந்து நிமிஷம். மெல்ல ஜன்னல் பக்கம் நகர்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"மாமி! அந்த சிஸ்டம் அப்டேட் பண்ணி ஆறு வருஷமாச்சு! டேஞ்சர்! நான் வேணும்னா உள்ளே ஒரு வர்ச்சுவல்..."

ஜன்னல் கதவு படீரென்று மூடியது. விரலை எடுத்துக்கொள்ள ஒரு நொடி கொடுத்தார் சரஸ்வதியம்மாள். அது அவருடைய பெருந்தன்மை.

மூன்றரைக்கு அனுஷா வெளியே வந்தாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தாள். "ஏம்மா இப்படி மூச்சு வாங்குதுன்னு முதல்லயே கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. நடந்ததை அப்படியே சொல்லிட்டேன். மூணு பேரும் சிரிச்சு சிரிச்சு... எங்க ஆபீசிலும் ஒருத்தர் உண்டுன்னு ஒரு சார் சொல்லிட்டு, டக்குனு பின்னால திரும்பிப் பார்த்தார். அப்புறம் கண்டெய்னர் லிஸ்ட் போட்டேன். எல்லாம் செரியா வந்துச்சு."

வேலை கிடைத்துவிட்டது. நேற்றுக் காலை மெயில் வந்தது. மாடம்மாள் தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். முதல் லட்டை அவள் சரஸ்வதியம்மாளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டாவதை எடுத்துக்கொள்ள ஆள் தயாராக நின்றது. தாணு வெட்கப்பட்டு நிற்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"யோசிச்சுப் பாரும்" என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டு என் தோளில் கை வைத்தார். "அன்னிக்கு நான் மட்டும் அந்த லேப்டாப்பை நிறுத்தலேன்னா, அவ மாமி ஆத்துக்குப் போயிருப்பாளா? அங்கே மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பாளா? அவா சிரிச்சிருப்பாளா? எல்லாம் ஒரு டிசைனாக்கும். உம்ம கம்ப்யூட்டர் இப்போ எப்படி இருக்கு? சாயங்காலம் ஃப்ரீயா?"

நான் சாயங்காலம் விழிஞ்ஞத்தில் மீன் வாங்கப் போகிறேன் என்றேன். பிறந்ததிலிருந்து நான் மீனைத் தொட்டதில்லை. அவசரத்துக்கு வேறு எதுவும் வாயில் வரவில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். தாணு பூஜ்யத்தை அடித்தாரே, அந்த இடத்தில் உங்கள் மனசு என்ன சொல்லிற்று? ஐயோ பாவம் அந்தப் பெண் என்றா? அப்படியானால் நீங்கள் பிழைத்தீர்கள். எழுந்து போய் நிம்மதியாகக் காப்பி குடியுங்கள், சூடாக. அப்படி இல்லாமல், அட, ஒன்று என்றல்லவா அடித்திருக்க வேண்டும் என்று துடித்ததா? முதலில் டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்காமல் ஆரம்பித்ததே தப்பு என்று நாக்கு நுனிக்கு வந்ததா? இதை எழுதினவனுக்கு ஒன்றும் தெரியாது, நான் செய்திருந்தால் ஐந்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்று, இதோ இந்த நிமிஷம், மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருக்கிறீர்களா?

நினைத்தேன். தயவுசெய்து உட்காருங்கள். நேரில் வந்து காட்டித் தருகிறேன் என்று மட்டும் ரயிலேறிவிடாதீர்கள், ஐயா. எங்கள் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.